சுவரைப் பார்த்து உட்கார்ந்த அக்கா

அக்காவின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால், எங்கிருந்தாலும் போன் போட்டு ஏசுவார். "பேரு, ஊரு, பொறந்த தேதி மூணும் ஒரே எடத்துல கெடந்தா, திருடனுக்கு வேலையே இல்லம்மா" என்பவர் அவர். ஊரை மட்டும் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துக் குளுவாங். பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள கடை வரிசையில், சலவைக் கடைக்கும் பல் டாக்டருக்கும் நடுவில் அவருடைய போட்டோஸ்டாட் கடை இருந்தது. இரண்டு கணினி, ஒரு பெரிய நகல் இயந்திரம், லேமினேட் செய்யும் பெட்டி, நாலு பிளாஸ்டிக் நாற்காலி. இணையத்தில் விண்ணப்பப் பாரம் நிரப்பத் தெரியாத பாதிக் குளுவாங் அந்த நாலு நாற்காலியில்தான் உட்கார்ந்து எழுந்தது.

யாராவது பாஸ்வேர்ட் தட்ட வேண்டிய இடம் வந்தால், அக்கா தன் சுழல் நாற்காலியை அப்படியே திருப்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். பார்க்காததுபோல் பாவனை செய்து ஓரக்கண்ணால் பார்க்கிற வேலையெல்லாம் கிடையாது, முழு முதுகு. சுவரில் ஒரு மளிகைக் கடை நாட்காட்டி தொங்கும். அதைப் பார்த்துக்கொண்டே "ஆச்சா?" என்று கேட்பார். ஆச்சு என்று சொன்னால்தான் திரும்புவார். முதல் தடவை போனபோது எனக்குக் கோபம் வந்தது. நாங்கள் என்னவோ துணி மாற்றுவதுபோல் இது என்ன கூத்து என்று நினைத்தேன். நினைத்ததைச் சொல்லியும் விட்டேன். மனதில் போட்டு வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு எப்போதும் இல்லை.

"அதேதாம்மா. துணி மாத்துற மாதிரிதான்" என்றார், நாட்காட்டியைப் பார்த்தபடி.

ஐம்பது வயது இருக்கும். ஒல்லி. கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டிருப்பார். காலையில் வாங்கிய கோப்பி, பிளாஸ்டிக் பையில் கட்டியபடி, கணினியிலிருந்து நாலடி தள்ளி ஓர் ஆணியில் தொங்கும். குடிக்க வேண்டுமென்றால் எழுந்து அங்கே போய் நின்று உறிஞ்சிவிட்டு வருவார். கணினிக்குப் பக்கத்தில் தண்ணீர் பாட்டிலை வைக்கிறவர்களைப் பார்க்கிற பார்வையில் பாட்டில் தானாகவே தரைக்கு இறங்கிவிடும்.

அவர் யாருக்கும் தட்டிக் கொடுக்க மாட்டார். வரிசை வாசல்வரை நின்றாலும் சரி, ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடிக் குத்துகிற தாத்தா உட்கார்ந்திருந்தாலும் சரி. "கை உங்களுது, வெரலும் உங்களுது, கணக்கும் உங்களுது" என்பார். இதனால் அவருக்கு நல்ல பெயர் இல்லை. திமிர் பிடித்தவள் என்றார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் தாமான் குடியிருப்பில் உறுமி மேளக் குழு வைத்திருந்த ஓர் அண்ணன் இருந்தார். அவருக்குக் குரலும் உறுமிதான். ஒருநாள் கடைக்குள் நுழையும்போதே, "எழுதிக்க தங்கச்சி, பாஸ்வேர்ட் எங்க குழு பேரு, பின்னால நாலு எட்டு" என்றார். அக்கா எழுதவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"அண்ணே, இப்பவே மாத்துங்க."

"எதுக்கு?"

"எனக்குத் தெரிஞ்சிடுச்சு. பின்னால நிக்கிற மூணு பேருக்கும் தெரிஞ்சிடுச்சு."

"உன்ன நம்பாம யார நம்புறது?"

"நல்லா நம்புங்க. நம்பிட்டு மாத்துங்க."

அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே மாற்றினார். புதியதை எங்கே எழுதி வைப்பது என்று கேட்டார். போனிலா? அக்கா தலையை ஆட்டினார். "நோட்டுப் புக்குல எழுதி வீட்டுல வைங்க. மேல தலைப்பு போடாதீங்க. நம்ம தாமான்ல வீடு பூந்து டிவியத் தூக்குவான், நோட்டுப் புக்கத் தூக்க மாட்டான். புக்குல இருக்குறதத் திருட நெனைக்கிறவன் ரொம்பத் தூரத்துல உக்காந்திருக்கான். அவனால வீட்டுக்குள்ள வர முடியாது." இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை. கணினி படித்த என் அக்காள் மகன்கூட, நோட்டில் எழுதுவது கேவலம் என்றுதான் சொன்னான். கடை அக்கா சொன்னதைத்தான் நான் கேட்டேன்.

அதே அண்ணன்தான் பேக்கப் விஷயத்திலும் மாட்டினார். எட்டு வருடத் திருவிழாக்களில் அவர் குழு அடித்த அடியெல்லாம் லேப்டாப்பில் பதிவாகி இருந்தது. பேக்கப் இருக்கிறதா என்று அக்கா கேட்டதும், பெருமையாகத் திறந்து காட்டினார். அதே லேப்டாப்பில், 'பேக்கப்' என்று பெயர் போட்ட இன்னொரு ஃபோல்டர்.

"திருடன் லேப்டாப்பத் தூக்கிட்டுப் போகும்போது, இந்த ஃபோல்டர மட்டும் வாசல்ல வச்சிட்டுப் போவானாண்ணே?"

மறுவாரம் தனியாக ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி வந்தார். அக்கா அதைத் தொடவில்லை. எங்கே வைப்பீர்கள் என்று கேட்டார். பையில். பை எங்கே இருக்கும்? வேனில். லேப்டாப்? அதே பையில். அக்கா சிரித்த சிரிப்பில் கண்ணாடி மூக்கிலிருந்து இறங்கியது. கடைசியில் அந்த டிஸ்க் அண்ணனின் மாமியார் வீட்டுக்குப் போனது. அந்த அம்மாவை நம்பி அவர் கொடுத்து வைத்த ஒரே பொருள் அதுதான் என்று அவர் மனைவி சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அக்கா சொன்னதைத் தானும் செய்தார். அதுதான் எனக்கு அவர்மேல் முதலில் மரியாதை வரக் காரணம். கடையின் பாரங்கள், வாடிக்கையாளர்களுக்குச் செய்த அழைப்பிதழ்கள், அவருடைய குடும்பப் படங்கள் எல்லாம் இரண்டு சிறிய டிஸ்க்குகளில் இருந்தன. ஒன்று கடையில். ஒன்று மூவாரில், தங்கை வீட்டில். மாதத்துக்கு ஒருமுறை கடையிலுள்ளதை பிஸ்கட் டின்னில் துணி சுற்றி வைத்து, பஸ் ஏறி, மூவாருக்குப் போவார். அங்கே உள்ளதை எடுத்துக்கொண்டு, இதை வைத்துவிட்டு வருவார். தங்கையைப் பார்க்கப் போகிற சாக்கில் டிஸ்க்கா, டிஸ்க் மாற்றப் போகிற சாக்கில் தங்கையா என்று கடைக்காரர்கள் கேலி செய்வார்கள். "ரெண்டும் நல்லாருக்கான்னு தொறந்து பாத்துட்டு வரேன்" என்பார். உண்மையிலேயே திறந்து பார்ப்பார். தங்கையின் கணினியில் செருகி, நாலு படத்தையாவது திறந்து பார்க்காமல் திரும்ப மாட்டார். திறந்து பார்க்காத பேக்கப்பை அவர் பேக்கப் கணக்கில் சேர்த்ததே இல்லை.

ஒரு வருடம் வெள்ளம் வந்து கடைக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஏறியது. கணினி இரண்டும் போயின. கடையில் இருந்த டிஸ்க்கும் போனது. நான் பார்க்கப் போனபோது, அக்கா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றை வழித்துக்கொண்டிருந்தார். ஆறுதல் சொல்லத் தயாராகப் போயிருந்தேன். அவர் மூவார் பஸ் எத்தனை மணிக்கு என்று என்னிடம் கேட்டார். நாலாம் நாள் கடை திறந்துவிட்டது.

இப்போது அந்த இடத்தில் குமிழ் டீ விற்கிறார்கள். அக்கா மூவாருக்கே போய்விட்டார்.

சரி, எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். இது நடந்து சில வருடங்கள் ஆகின்றன. என் வீட்டுக்காரர் ஒன்பது வருடம் சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தார். வாரக் கடைசியில்தான் வீடு. ஜொகூர்க்காரர்களுக்குச் சிங்கப்பூர் போன் நம்பர்மேல் ஒரு மயக்கம் உண்டு. சம்பளம் அந்தக் காசில் வருகிறது, நம்பரும் அந்த ஊர் நம்பராக இருந்தால் ஒரு கெத்து. மகளுக்கு முதல் இமெயில் திறந்து கொடுத்தபோது, இவர் தன் சிங்கப்பூர் நம்பரைத்தான் போட்டார். "அந்த லைன்தான் எப்பவும் கட் ஆவாது" என்றார். புதிதாக எந்த போனில் நுழைந்தாலும் ஆறு எண்கள் அவருக்குப் போகும். டேக் நம்பர் என்போம் அதை. அவர் அங்கிருந்து மகளுக்குச் சொல்வார்.

பிறகு கிடங்கு மூடப்பட்டது. இவர் வீட்டுக்கு வந்து பள்ளிக்கூட வேன் ஓட்ட ஆரம்பித்தார். சிங்கப்பூர் சிம் அலமாரியில் கிடந்து, காசு போடாமல் செத்துப்போனது. அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. மகளுக்குப் புதுப் போன் வாங்கினோம். பழையது காஹாங்கில் இருக்கும் என் கொழுந்தனுக்குப் போனது. புதுப் போனில் இமெயிலைத் திறக்கப் போனால், அது செத்துப்போன நம்பருக்கு ஆறு எண்களை அனுப்புகிறது. மகள் வந்து சொன்னாள். நான் சம்பல் வதக்கிக்கொண்டிருந்தேன். "புதுசா ஒண்ணு தொறந்துக்கோ லா" என்றேன். திறந்துகொண்டாள்.

அதற்கு முந்தைய மாதம்தான் அவள் தாதியர் பயிற்சிக் கல்லூரிக்கு மனு போட்டிருந்தாள். பழைய இமெயிலில். இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்க எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. ஐந்தாம் வகுப்பிலிருந்து அவளுக்கு அந்த ஒரே படிப்புதான் ஆசை.

ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு அவள் தோழி கூப்பிட்டுச் சொன்னாள். கல்லூரிக் கடிதம் போன வாரமே இமெயிலில் வந்துவிட்டது. அதிலுள்ள இணைப்பை அமுக்கி, இடத்தை ஏற்றுக்கொள்ள இன்று மாலை ஐந்து மணிதான் கடைசி. கல்லூரிக்குப் போன் போட்டோம். ஒருவரிடமிருந்து ஒருவராக நாலு பேருக்கு மாற்றினார்கள். நாலாவது ஆள், கடிதம் போன இமெயில் வழியாகத்தான் ஏற்க முடியும், இமெயிலை மாற்ற எழுதிக் கொடுத்தால் ஒரு வாரம் ஆகும், ஐந்து மணிக்கு மேல் இடம் அடுத்தவருக்குப் போகும் என்று மரியாதையாகச் சொன்னார். மகள் என்னைப் பார்த்தாள். புதுசா திறந்துக்கோ என்று சொன்னது நான்தான். அவள் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

நான், மகள், வீட்டுக்காரர் மூன்று பேரும் அக்கா கடைக்கு ஓடினோம். மகள் பாஸ்வேர்டைத் தட்டினாள், அக்கா சுவரைப் பார்த்தார், பாஸ்வேர்ட் சரிதான். அடுத்த பக்கத்தில் அந்த ஆறு எண்களைக் கேட்டது. வேறு வழி உண்டா என்று அக்கா தேடினார். விண்ணப்பம் போட்டால் சில நாட்களில் பதில் வரும் என்று கணினி சொன்னது.

எனக்கு ஒரு யோசனை வந்தது. கடை வாசலுக்கு வந்து, என் போனிலிருந்து அந்தச் சிங்கப்பூர் நம்பரைக் கூப்பிட்டேன். செத்த நம்பரை வேறு யாருக்காவது கொடுத்திருப்பார்கள் அல்லவா? கொடுத்திருந்தார்கள். வயதான மலாய்க்கார அம்மா ஒருவர் எடுத்தார். எனக்குத் தெரிந்த மலாயில் எல்லாவற்றையும் சொன்னேன். இப்போது உங்கள் போனுக்கு ஆறு எண்கள் வரும், அதைப் படித்துச் சொன்னால் போதும், என் மகளின் படிப்பு உங்கள் கையில் இருக்கிறது என்று அழுதேன். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார்.

"தா போலே" என்றார். முடியாது. யார் கேட்டாலும், அழுது கேட்டாலும், கொடுக்கக்கூடாது என்று மகன் சொல்லியிருக்கிறானாம். என் மகளுக்கு நல்லது நடக்க வேண்டிக்கொள்வதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

திரும்பினால் பின்னால் அக்கா. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். முகத்தில் எனக்குப் பிடிக்காத ஒரு மலர்ச்சி.

"நல்ல பொம்பள" என்றார்.

எனக்கு வந்த கோபம் இன்றும் நினைவிருக்கிறது. "எம் மக வாழ்க்க போய்க்கிட்டிருக்கு, நீங்க அந்தம்மாவுக்குச் சர்ட்டிபிகேட் குடுக்குறீங்களா?"

"அவங்க குடுத்திருந்தா நம்ம வேல முடிஞ்சிருக்கும். நாளைக்கு ஒரு திருடன் இதே மாதிரி அழுவான். அவனுக்கும் குடுப்பாங்க."

"எனக்கு அது தேவையில்லக்கா. அஞ்சு மணிக்கு எனக்கு எடம் வேணும்."

"சரி. கோவப்படுங்க. கோவப்பட்டுக்கிட்டே யோசிங்க. பிள்ளையோட பழைய போன் எங்க?"

காஹாங்கில் என்றேன். கொடுக்கும்போது உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துவிட்டுக் கொடுத்தீர்களா என்று கேட்டார். இல்லை, அப்படியே கொடுத்தோம். வேறு நாளாக இருந்தால் அதற்கு அரைமணி நேரம் ஏசியிருப்பார். "அது பெரிய தப்பு. இன்னிக்கு அந்தத் தப்பு ஒதவப் போவுது, அவ்ளோதான்" என்றார். பழைய போனில் அந்த இமெயில் இன்னும் திறந்தே இருக்கும், அங்கே யாரும் ஆறு எண்களைக் கேட்க மாட்டார்கள் என்று விளக்கினார்.

கொழுந்தனைக் கூப்பிட்டேன். "இருக்கு அண்ணி. சிம் இல்ல, சும்மா பாட்டு கேக்குறேன்" என்றான். அக்கா என் கையிலிருந்து போனை வாங்கினார். "தம்பி, அதுல எதையும் அமுக்காதீங்க. அணைக்காதீங்க. சார்ஜ்ல போட்டுட்டுத் தள்ளி நில்லுங்க." பிறகு கடை ஷட்டரை இறக்கினார். வெள்ளத்தைத் தவிர வேறெதற்கும் பகலில் அந்த ஷட்டர் இறங்கி நான் பார்த்ததில்லை.

வேனில் காஹாங்குக்குப் போனோம். செம்பனைத் தோட்டத்துக்குள் கொழுந்தனின் வீடு. போன் குளிர்பெட்டிமேல் சார்ஜில் இருந்தது. கொழுந்தன் உண்மையிலேயே தள்ளி நின்று காவல் காத்துக்கொண்டிருந்தான். வீட்டுக்குள் லைன் கிடைக்கவில்லை. எல்லாரும் மெயின் ரோட்டுக்கு நடந்து வந்து ஒரு பாலத்துக் கட்டையில் உட்கார்ந்தோம். மகள் தன் போனிலிருந்து லைனைப் பழைய போனுக்குக் கொடுத்தாள். கடிதங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. செருப்புக் கடை விளம்பரம், பள்ளி அறிவிப்பு, மறுபடி செருப்பு. பிறகு கல்லூரி. மகள் இருமுறை படித்துவிட்டு அமுக்கினாள். ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று வந்தபோது மணி இரண்டே முக்கால். அவள் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். கொழுந்தன் சாப்பிடக் கூப்பிட்டான்.

"சாப்பாடு இருக்கட்டும் தம்பி. மொதல்ல நம்பர மாத்துவோம்" என்றார் அக்கா.

"அதான் முடிஞ்சிடுச்சேக்கா."

"அடுத்த கடுதாசி எங்கம்மா வரும்?"

செத்த நம்பரை எடுத்துவிட்டு மகளின் நம்பரைப் போட்டாள். இரண்டாவதாக ஒரு நம்பர் வேண்டும், அவள் போன் தொலைந்தால் அதற்குத்தான் வரும் என்றார் அக்கா. என் வீட்டுக்காரர் தன் நம்பரைச் சொல்ல ஆரம்பித்தார்.

"அண்ணே, நீங்க திரும்பச் சிங்கப்பூர்ல வேல தேடுறீங்கதானே?" என்று அக்கா கேட்டதும் நிறுத்திவிட்டார். அக்கா என் பக்கம் திரும்பினார். "எங்கயும் போவாத ஆளு நம்பர் வேணும். உங்க நம்பர் சொல்லுங்கம்மா."

எனக்கு என் நம்பர் தெரியாது. இதை எழுத இப்போதும் வெட்கமாக இருக்கிறது. சிம்மை வாங்கிப் போட்டுக் கொடுத்தவர் அவர். பதிவு அவர் பெயரில். யாராவது நம்பர் கேட்டால் மகளிடம் போனை நீட்டிவிடுவேன். ஊரெல்லாம் வாய் பேசுகிறவளுக்கு இந்தப் பத்துப் பதினோரு எண்கள் வாயில் வரவில்லை. மகள், பார்க்காமலே, மனப்பாடமாகச் சொல்ல ஆரம்பித்தாள். அக்கா கையை உயர்த்தினார்.

"நீ அம்மாவுக்குச் சொல்லிக் குடு கண்ணு. அம்மா சொல்லட்டும்."

செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் எங்களை உரசிக்கொண்டு போயின. மகள் மூன்று மூன்றாகச் சொன்னாள், நான் திருப்பிச் சொன்னேன். இரண்டு தடவை நடுவில் தடுமாறினேன். மூன்றாவது தடவை சரியாக வந்தது. என் போன் சத்தமிட்டது. எனக்கென்று ஓர் ஆறு எண்கள் வந்தது அதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன். "நாலு, ஒண்ணு..."

அக்கா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வேன் பக்கமாக நடந்தார். "எனக்கு வேணாம்மா. அது உங்களுது."

மீதி நாலு எண்களையும் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு நானே தட்டினேன். மகளின் கணக்கில், அவள் நம்பருக்குக் கீழே என் நம்பர் வந்து நின்றது. இனிமேல் எங்காவது அவளுக்கு வழி அடைபட்டால், என்னைத்தான் கேட்பார்கள்.